நாற்பத்தெட்டு மணி நேரம்

புது கிரீம் எதையும் வாங்கிய அன்றே முகத்தில் பூசிவிடாதீர்கள், மேடம். பட்டாணி அளவு எடுத்து முழங்கையின் உட்புறம் தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் மறுநாளும் அதே இடத்தில் தடவுங்கள். ஒரு வாரம் போகட்டும். அதற்குப் பிறகுதான் முகம். நீங்கள் எழுதும்போது மணிக்கட்டைச் சொறிந்துகொள்வதைக் காலையிலிருந்து பார்க்கிறேன், அதனால்தான் சொல்ல வந்தேன். உங்களுடையது கிரீமால் வந்தது இல்லை. கடிகாரத்தின் பின்மூடியில் இருக்கும் நிக்கல். பட்டையை மாற்றிப் பயனில்லை, கடிகாரத்தையே மாற்ற வேண்டும்.

இதுதான் என் தொழில். ஒரு கிரீம் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். புதிதாக ஒன்று தயாரானால், சம்மதித்து வருகிற இருபது பேரின் முதுகில் சின்னச் சின்னக் கட்டங்களாக அதை வைத்து ஒட்டுவோம். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துப் பிரித்து ஒருமுறை பார்ப்போம். மேலும் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. சிவப்புக்கு ஒரு கூட்டல் குறி, தடிப்புக்கு இரண்டு, கொப்புளத்துக்கு மூன்று. நடுவில் பிரித்தால் சோதனை வீண். அரிக்கிறது என்று கெஞ்சியவர்களும் உண்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று தன்மையாகச் சொல்லி அனுப்புவேன். தாங்கவே முடியவில்லை என்றால் பிரித்துவிடுவதுதான் விதி. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று ஆகக் கூடாது.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாயாடி. வகுப்பில் பேசியது போதாதென்று வீட்டுக்கு வந்து கீரைக்காரியிடம், போஸ்ட்மேனிடம், யாரும் கிடைக்காவிட்டால் குக்கரிடம் பேசுவாள். அவளுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிற தோல். எதற்கு ஒவ்வாதோ அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருடம், குழந்தைகளுக்கான லோஷன் ஒன்று இருபது பேர் முதுகிலும் சுத்தமாகத் தேறிவிட்டது. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒரு சிமிழில் கொண்டுவந்து அவள் கையில் தடவினேன். மறுநாள் சாயங்காலம் அந்த இடம் முழுக்கக் கொப்புளம். தேடிப் பார்த்தால், வாசனைச் சரக்கு தருகிறவன் சொல்லாமல் எதையோ மாற்றியிருந்தான். மேலாளர் எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். யாருடைய தோல் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாதம் ஒன்றிரண்டு சிமிழ். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாள். "டீச்சர், கையில என்னன்னு பசங்க கேக்குறாங்க. ஒருத்தர் எனக்கே வீட்டுப்பாடம் போட்டிருக்காருன்னு சொல்லிட்டேன்" என்பாள். மகள் பிறந்த வருடம் மட்டும் வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துகிற ஆள் இல்லை நான்.

ஓய்வுபெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். முதல் மாதம் இரண்டு பேர் போன் செய்தார்கள். அதில் ஒருவர் அலமாரிச் சாவி எங்கே என்று கேட்பதற்காக. அப்புறம் யாருமில்லை. காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "எங்கயாவது போறீங்களா?" என்பாள் மனைவி. "சும்மாதான்" என்பேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புப் பசங்களின் விடைத்தாளில் இருக்கிற கூத்தையெல்லாம் படித்துக் காட்டுவாள். அந்த இரண்டு வருடம் நான் பைத்தியமாகாமல் இருந்ததற்கு அவள் வாய்தான் காரணம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போய்விட்டது. நாம் பேசுவது அவளுக்குப் புரியும், பதில்தான் வராது என்றார் டாக்டர். வலது கையில் ஊசியால் குத்திக் காட்டினார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஆறு மாதம்தான் முக்கியம், பயிற்சியை விடாதீர்கள், உணர்ச்சியும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாய்ப்பு உண்டு என்று சொல்லி அனுப்பினார்.

மகள் விமானத்தில் ஆறு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். வந்து மூன்று வாரம் இருந்தாள். வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள்.

மற்றதையெல்லாம் நான்தான் செய்தேன். உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சர்க்கரை மாத்திரை, தலைவாருவது. பக்கத்து வீட்டில் விசாரித்திருப்பீர்கள். யாரும் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வீடுதான் நிசப்தமாக இருந்தது. குக்கர் மட்டும் விசில் அடிக்கும். அவளுக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்க நானே ஒரு கிரீம் கலந்தேன். நல்ல கிரீம். இரண்டாம் மாதம் வரை நான் அவள் தோலில் வைத்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் கொள்முதல்காரர் போன் செய்தார். எங்கள் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தவர், இப்போது சொந்தமாகச் சின்னத் தொழிற்சாலை வைத்திருக்கிறார். "சார், புதுசா ஒரு நைட் கிரீம் பண்ணிருக்கோம். எத்தனை பேர் பாத்தாலும் நீங்க ஒருவாட்டி பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு பழைய லென்ஸைத் தேடி எடுத்து மூன்று முறை துடைத்தேன். சந்தோஷத்தில், மேடம். நான்கு நாளில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. மேலே என் பெயருக்குப் பின்னால் என் படிப்பையும் போட்டிருந்தார்.

முதலில் என் கையில்தான் வைத்துப் பார்த்தேன். என் தோல் எருமைத் தோல், எதைப் போட்டாலும் ஒன்றும் சொல்லாது. பிறகு அவள் வலது கையைப் பார்த்தேன். உணர்ச்சி இல்லாத கை. சிவந்தால் சிவப்பு தெரியும், ஆனால் அவளுக்கு எரியாது, அரிக்காது. சம்மதித்து வந்த இருபது பேருக்கும் நான் கொடுத்த சின்ன உபத்திரவத்தைக்கூட இவளுக்குக் கொடுக்கப்போவதில்லை என்று கணக்குப் போட்டேன். அவளிடம் கேட்டேன். கேட்காமல் செய்யவில்லை. "பழையபடி ஒண்ணு வச்சுப் பாக்கட்டுமா?" என்றேன்.

அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

இதில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஆமாம், இல்லை இரண்டும் மாறிப்போகும், தலையாட்டுவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள் என்று பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண்ணே முதல் வாரத்தில் சொல்லியிருந்தாள். அதனால் நான் என் மனைவியின் முப்பது வருடப் பழக்கத்தை வைத்து முடிவெடுத்தேன்.

கொள்முதல்காரரிடம் ஒரு வாலண்டியர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு வேறெதுவும் தெரியாது, அவரை இதில் இழுக்காதீர்கள். என் அறிக்கையைப் படித்துவிட்டு, "சார், நீங்க சொன்ன அந்த ஒரு சரக்கை எடுத்துட்டோம். இப்ப சுத்தமா இருக்கு. நீங்க இல்லேன்னா மாட்டியிருப்போம்" என்றார். அதன் பிறகு வாரம் ஒரு பெட்டி. பல வாரம் இரண்டு, மூன்று. நான் மறுபடியும் காலையில் சட்டை போட்டுக்கொண்டதற்கு அர்த்தம் வந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. அவளுடைய இடது கை நன்றாக இருந்ததால், வலது கையில் ஒட்டியதைக் கிழித்துப் போட்டுவிடுவாள். இரண்டு சோதனை அப்படியே பாழானது. எனவே முதுகுக்கு மாற்றினேன். வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடது கை எட்டாத இடம். சில நாள் முதுகைப் படுக்கையில் தேய்த்தாள். பக்கவாட்டில் படுக்க வைத்துத் தலையணையை முட்டுக் கொடுத்தேன். இடது கைக்கு ஒரு பருத்திக் கையுறை மாட்டி மணிக்கட்டில் நாடாவால் கட்டினேன். நகம் பட்டுக் கீறிக்கொள்ளக் கூடாது, பாருங்கள். சர்க்கரை உள்ள உடம்பு, சின்னக் கீறலும் ஆறாது. முடிச்சு இறுக்கமாக இல்லை, ஒரு விரல் நுழையும்.

நான்காவது மாதம். பயிற்சிப் பெண் அவளை உட்கார வைத்து, முதுகைத் தாங்கிப் பிடித்தவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"முதுகுல என்ன ஐயா இது, கட்டம் கட்டமா?"

"வியர்க்குரு. பிளாஸ்டர் போட்டிருந்தேன்" என்றேன்.

"அது கெடக்கட்டும். நான் தொட்டதும் அம்மா முகத்தைச் சுளிச்சாங்க, பாத்தீங்களா? இங்க பாருங்க." விரல் நுனியால் இன்னொரு முறை தொட்டாள். என் மனைவி உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முகமெல்லாம் மலர்ந்துபோனது. "உணர்ச்சி வருது ஐயா. நல்ல சேதி. இனிமே பேச்சும் வரும் பாருங்க. தினமும் பேசிக்கிட்டே இருங்க அவங்ககிட்ட."

பயிற்சிப் பெண் கிளம்பிப் போன பிறகு நான் வெகுநேரம் சமையலறையில் நின்றிருந்தேன். நல்ல சேதிதான். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உள்ளே ஏழு பெட்டி பிரிக்காமல் இருந்தது. நான்கு அறிக்கை பாக்கி. அன்று சாயங்காலம் மகளிடம் வீடியோவில் பேசும்போது, அந்தப் பெண் கையைக் காலை முரட்டுத்தனமாக முறுக்குகிறாள், அம்மாவுக்கு முதுகெல்லாம் சிவந்துவிட்டது, நானே செய்துகொள்கிறேன் என்றேன்.

"நீங்களே எவ்வளவுதாம்பா பாப்பீங்க?" என்று கண் கலங்கினாள் மகள்.

"எனக்கு வேற என்னம்மா வேலை" என்றேன்.

அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டேன். பயிற்சிகளை நானே செய்தேன். முதல் இரண்டு வாரம் தினமும். அப்புறம் முடிந்தபோது. பேசச் சொல்லியிருந்தாள் அல்லவா, அதையும் செய்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் ஒட்டும்போது இதில் என்ன கலந்திருக்கிறது, எதற்காக வைக்கிறேன் என்றெல்லாம் விளக்குவேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். சில சமயம் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போகும். துடைத்துவிடுவேன். சோதனை முடிவுகளை எழுதி வைக்கிற நோட்டில் இரண்டு மூன்று இடத்தில் "கண்ணில் நீர், காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அது சரியான பதிவு இல்லை. காரணம் எனக்குத் தெரியும். முதுகில் உணர்ச்சி முழுக்கத் திரும்பியிருந்தது. திரும்பாத தோலை விடத் திரும்பிய தோல் சோதனைக்கு நல்லது என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்த பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். அந்த நினைப்பை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மொத்தம் முப்பத்தேழு சோதனை. நோட்டு உங்களிடம் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். முப்பத்தாறு வரை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மூன்று கூட்டல் வாங்கியது ஐந்துதான். எல்லாம் ஆறிவிட்டது.

முப்பத்தேழாவது ஒரு பீலிங் கிரீம். மேல் தோலை உரித்தெடுக்கிற அமிலம் கலந்தது. முகத்தில் பூசிப் பத்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். அதை மூடி ஒட்டுகிற சோதனைக்கு வைக்கவே கூடாது, வைப்பதாக இருந்தால் நூறு பங்கு தண்ணீர் கலக்க வேண்டும். இது முதல் வருடத்தில் கற்றுக்கொள்கிற பாடம். பூசிக்கொண்டு யாராவது கழுவ மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கொள்முதல்காரர் அதைக் கேட்கவில்லை. அறிக்கையில் அப்படி ஒரு பத்தி இருந்தால் அவர் அசந்துபோவார் என்று நினைத்தேன். தண்ணீர் கலக்காமல் நான்கு கட்டம் வைத்து, மேலே அகலமான பிளாஸ்டர் ஒட்டினேன். புதன்கிழமை மதியம் ஒரு மணி.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவர் போன் செய்தார். நான் முன்னறையில் நாற்காலியில் இருந்தேன். அவள் அடுத்த அறையில். கதவு திறந்திருந்தது. "சார், ஒரு விஷயம். நம்ம புது விளம்பரத் தாள்ல உங்க பேரை ஆலோசகர்னு போடலாம்னு இருக்கோம். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?" என்றார். எழுத்துப் பிழை வரக் கூடாதென்று தலைப்பெழுத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று பேசினோம். உள்ளே அவள் குரல் எழுப்பினாள். பின்னால் சத்தம் இருந்தால் அவருக்குச் சரியாகக் கேட்காது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினேன். நாற்பது நிமிடம் இருக்கும்.

போய்ப் பார்த்தபோது அடங்கியிருந்தாள். தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. கையுறைக்குள் விரல்கள் மடங்கியிருந்தன. பிளாஸ்டரின் ஓரத்தைப் பிடித்தேன். பிரித்துவிடலாம் என்றுதான் பிடித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தேழாவது மணி நேரம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள்கூட முழுசாக இல்லை. ஓரத்தை மறுபடியும் அழுத்தி ஒட்டிவிட்டு, அவளுக்கு வேறு தலையணை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பிரித்தேன். பிளாஸ்டரோடு தோலும் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரே புண். முப்பத்தோரு வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கழுவினேன், மருந்து வைத்தேன், கட்டுப்போட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆட்டோ நிறுத்தம் தெருமுனையில்தான். ஆனால் டாக்டர் அவளைப் புரட்டிப் பார்த்தால் பழைய கட்டங்களும் தெரியும். எத்தனை, எப்போது, யார் என்று கேட்பார். இரண்டு நாளில் ஆறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஜுரம். நான்காம் நாள் வாடை வந்தது. ஐந்தாம் நாள் கஞ்சி உள்ளே இறங்கவில்லை. ஆறாம் நாள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

டாக்டர் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்தார். நர்ஸிடம், "போட்டோ எடுத்து வைம்மா" என்று மட்டும் சொன்னார். புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. பதினோரு நாள் இருந்தாள். கண் திறந்திருந்த நாட்களில் நான் உள்ளே போனால் சுவர்ப் பக்கம் பார்ப்பாள். கடைசி நாள் காலை நான் டீ வாங்கக் கீழே இறங்கியிருந்தபோது போய்விட்டாள். திரும்பி வந்தபோது போர்வையை முகம் வரை இழுத்திருந்தார்கள். டீ கையில் இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள், அம்மாவின் அடையாள அட்டையைத் தேடிய மகள் என் மேசை இழுப்பறையில் நோட்டைப் பார்த்திருக்கிறாள். குளியலறைத் தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்திருக்கிறாள். வெளியே வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மா கடைசி வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசலையா?"

"இல்லம்மா" என்றேன்.

அதன் பிறகுதான் நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். இப்போது என்னை அப்பா என்று சொல்வதில்லை, அவர் என்கிறாளாம். அவள் கோபம் நியாயமானது.

இன்று காலை நீங்களும் அதே கேள்வியைக் கேட்டீர்கள். உங்களிடமும் இல்லை என்றேன். அதை நான் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். பெற்ற பெண்ணின் மனசு நோகக் கூடாது என்றுதான் அவளிடம் மறைத்தேன், அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அம்மா எப்போது பேசுவாள் என்று ஏழு மாதமாகக் காத்திருந்தவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் குரல் எழுப்பினாள் என்று சொன்னது, வெறும் குரல் இல்லை. பேசினாள். குழறவில்லை, தெளிவாக இருந்தது. "எரியுது" என்றாள். நான் போனைக் காதிலிருந்து எடுத்தேன், ஆனால் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை "எரியுது" என்றாள். அப்புறம் "ஏங்க" என்று என்னைக் கூப்பிட்டாள், சமையலறையிலிருந்து கூப்பிடுவாளே அதே மாதிரி. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தியது அதற்குப் பிறகுதான்.